பழைய போனுக்கு எத்தனை மார்க்?

நம் வீடுகளில் சில வருஷங்களாக ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. தீபாவளித் தள்ளுபடியில் புது செல்போன் வாங்குகிறோம். பழையது மேஜை இழுப்பறைக்குள் போகிறது. அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும்போது அதை எடுத்துத் துடைத்து, "இது அம்மாவுக்குப் போதும்" என்று பெட்டியில் வைக்கிறோம். போதுமா, போதாதா என்று நம்மில் அநேகம் பேர் சோதித்துப் பார்ப்பதில்லை. நமக்கு வேண்டாததாகிவிட்டது என்பதே அதற்கு நாம் கொடுக்கும் சான்றிதழ்.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குப் பழைய போனைக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் கொடுப்பதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. சோதிக்கிறவர்களும் வேறு ஏதோ பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, தேறவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இன்று யார் கையில் ஒரு போனைக் கொடுத்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். பேசினால் கேட்குமா என்று கேட்பவரைக் காணோம்.

எங்கள் வீட்டு இழுப்பறையில் கிடந்தது நோக்கியா 2700 கிளாசிக் என்ற போன். 2009இல் வந்த மாடல். கரோல்பாகில் வாங்கியது. எண்பத்தைந்து கிராம் எடை, இரண்டு அங்குலத் திரை, பொத்தான்கள், எஃப்.எம். ரேடியோ, முதுகில் 2 மெகாபிக்சல் கேமரா. மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தைக்கு 78 வயது. அவர் வைத்திருந்த போனில் எண்கள் தேய்ந்து, பொத்தான்கள் அழுந்தாமல் போய்விட்டன. இதைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி மகன் வந்தான். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"பெரியப்பா, ரெண்டு மெகாபிக்சல் போனை வெச்சுகிட்டு என்ன பண்ணப்போறீங்க? கபாடிவாலாகூட எடுத்துக்க மாட்டான்."

அத்தையிடம் போனில் இதைச் சொன்னேன். அவர் சொன்னது: "படம் கிடக்கட்டும்டா. நீ பேசறது எனக்குக் கேக்குமா, அதைச் சொல்லு."

இரண்டு பேர், இரண்டு கேள்வி. இரண்டுக்கும் விடை தெரிந்துகொள்ள ஒரு வாரம் அந்தப் போனையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். பாடம் பாடமாக மார்க் போட்டேன். அதை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டு இழுப்பறையில் இருப்பது வேறு கம்பெனி, வேறு மாடலாக இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

கேமரா என்ன சொல்கிறது?

தம்பி மகன் மடக்கியது கேமராவில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மெகாபிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, அவ்வளவே. இந்தப் போனின் படம் அகலத்தில் 1600 புள்ளி, உயரத்தில் 1200 புள்ளி. பெருக்கினால் 19 லட்சத்து 20 ஆயிரம். இதைத்தான் 2 மெகாபிக்சல் என்கிறார்கள். இதற்கு முந்திய தலைமுறைப் போன்களில் பரவலாக இருந்த கேமரா 640க்கு 480 புள்ளிதான். மொத்தம் 3 லட்சத்துச் சொச்சம். 2003இல் பெரிய மனிதர்கள் கையில் மட்டும் இருந்த நோக்கியா 6600இன் கேமரா அந்த ரகம். அதில் எடுத்த படத்தை நன்றாக அச்சிட்டால் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெளிவு இருக்கும்.

2 மெகாபிக்சல் அப்படியல்ல. நாம் ஆல்பத்தில் ஒட்டுகிற 6க்கு 4 அங்குலப் படத்துக்கு இது தாராளமாகப் போதும். அங்குலத்துக்குச் சுமார் 267 புள்ளி கிடைக்கிறது. பால்கனியிலிருந்து காலை வெயிலில் எதிர்வீட்டு வேப்பமரத்தையும், அதன் கீழே இஸ்திரி போடுகிற தம்பதியையும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு படம் எடுத்தேன். ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டேன். செல்போனில் எடுத்தது என்று சொன்னால்தான் தெரியும்.

அச்சிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் எடுக்கும் படம் நாலுக்கு மூன்று என்ற வடிவம். ஸ்டூடியோத் தாள் மூன்றுக்கு இரண்டு. தாளை நிரப்புவதற்காக மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடுவார்கள். குடும்பப் படத்தில் உயரமான மாப்பிள்ளையின் தலை போவது இப்படித்தான். படத்தை முழுதாக, ஓரத்தில் வெள்ளை விட்டு அச்சிடச் சொல்லுங்கள், செய்து கொடுப்பார்கள்.

வெயில் இறங்கினால் கதை வேறு. இந்தப் போனின் லென்ஸ் உளுந்து அளவு. அதன் வழியே நுழைகிற வெளிச்சம் கொஞ்சம். ஃப்ளாஷ் விளக்கும் கிடையாது. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் சுவர் முழுக்க மணல் தூவினாற்போல் புள்ளிகள். பொத்தானை அழுத்திய பிறகு ஒரு கணம் தாமதித்துத்தான் படம் விழுகிறது. அதற்குள் குழந்தை திரும்பிவிடுகிறது. புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. படத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். மெகாபிக்சல் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது சோதனை முக்கியமானது. மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படமெடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் கொண்டுபோனால் எழுத்து கலங்குகிறது. தள்ளி வைத்தால் எழுத்து சிறுத்துப் போகிறது. காரணம், இதில் லென்ஸ் அசையாது. ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருப்பதற்கு மட்டும் பொருந்தும்படி தொழிற்சாலையிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2006இல் வந்த நோக்கியா என்73 இதைவிட மூத்தது. ஆனால் அதில் லென்ஸ் தானாக நகர்ந்து தூரத்தைச் சரிசெய்யும் ஆட்டோஃபோகஸ் இருந்தது. ஆகவே கஃபார் மார்க்கெட்டில் பழைய போன் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதைவிட, ஆட்டோஃபோகஸ் உண்டா என்று கேட்பது பிரயோஜனம். ஊரிலிருந்து மருந்துச் சீட்டையோ மின்சாரக் கட்டண ரசீதையோ படமெடுத்து அனுப்ப வேண்டிய வீடு என்றால் அது இல்லாத போன் உதவாது.

இன்னொரு விஷயம் தம்பி மகனுக்கு வியப்பாக இருந்தது. 50 மெகாபிக்சல் என்று பெருமைப்படும் போனில் எடுத்த படத்தையும் நாம் வாட்ஸப்பில்தானே அனுப்புகிறோம்? நெடுங்காலம் வாட்ஸப் எந்தப் படத்தையும் நீளவாட்டில் சுமார் 1600 புள்ளிக்குச் சுருக்கித்தான் அனுப்பி வந்தது. கூடுதல் தரத்தில் அனுப்பும் வசதி 2023இல்தான் வந்தது. ஆகவே குடும்பக் குழுவில் வருஷக்கணக்காக நாம் பார்த்து மகிழ்ந்த படங்களின் அளவு இந்த ஏழைப் போனின் அளவேதான். தரம் ஒன்றா என்றால், இல்லை. பெரிய லென்ஸில் விழுந்த படம் சுருங்கினாலும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி.

மார்க்: பகல் வெளிச்சத்துக்கு நூற்றுக்கு 60. மாலைக்கு 15. கிட்டத்து எழுத்துக்கு முட்டை.

பேச்சு, பொத்தான், பேட்டரி

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு வந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு பேசினார். மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்த நாட்களில் நம்மைப் போன்றவர்கள் இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக எஸ்.டி.டி. பூத் வாசலில், டில்லிக் குளிரில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பிறகு கைக்குப் போன் வந்தது. 2003 வரை நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். கிராண்ட் டிரங்கில் ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு மாநில எல்லையிலும் போன் ஒரு முறை சிணுங்கி, இனி ரோமிங் கட்டணம் என்று எச்சரிக்கும், உடனே அணைத்துவிடுவோம். ரோமிங் தொல்லை ஒழிந்தது 2016, 2017 வாக்கில்தான். இவ்வளவு பாடும் பட்டது படம் பார்ப்பதற்காக அல்ல, ஒரு குரலைக் கேட்பதற்காக. அத்தை கேட்ட கேள்வியின் நியாயம் அதுதான்.

அந்தப் பாடத்தில் இந்தப் போன் எப்படி? மணியோசை பலமானது. சமையலறையில் குக்கர் கத்தும்போதும் கூடத்தில் அடிப்பது கேட்கிறது. காதில் வைத்தால் குரல் உரக்கவே வருகிறது. ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது 2ஜி போன். அந்த முறையில் குரலின் ஒரு பகுதிதான் கம்பியில்லாமல் பயணம் செய்கிறது. வினாடிக்குச் சுமார் 300 முதல் 3400 அதிர்வு வரை உள்ள ஒலி மட்டும். இன்றைய 4ஜி போன்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தில் ஒலியைக் கடத்துகின்றன. அதனால்தான் பழைய போனில் குரல் சற்று மூக்கடைத்தாற்போல் இருக்கிறது. 'ச', 'ஸ' போன்ற ஓசைகள் மழுங்குகின்றன. காது மந்தமான பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆகவே ஊரில் இருப்பவருக்குக் காது எப்படி என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். என் அத்தைக்குக் காது கூர்மை. தெருக்கோடியில் பேசுவதும் கேட்கும்.

2ஜி என்பதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஜியோ 4ஜியில் பிறந்த கம்பெனி. அதில் 2ஜி கிடையாது. அந்த சிம்மை இதில் போட்டால் வேலை செய்யாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றில் 2ஜி இருக்கிறது என்றாலும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வித்தியாசம். டில்லியில் கிடைக்கிறது என்பதை நம்பி அனுப்பாதீர்கள். அத்தை வீட்டு அடுத்த வீட்டுக்காரரிடம் இருந்த பொத்தான் போனை வாங்கி, கூடத்திலும் உள்ளறையிலும் கொல்லையிலும் வைத்துப் பேசிப் பார்க்கச் சொன்னேன். உள்ளறையில் மட்டும் தடுமாறியது. பிறகுதான் நிச்சயம் செய்தேன்.

பொத்தான்களுக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். தொடுதிரையில் விரல் எங்கே பட்டது என்று கண்தான் சொல்ல வேண்டும். பொத்தானில் விரலே சொல்லிவிடும். கண்புரை ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கிறவர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும். ஓர் எண்ணை அழுத்திப் பிடித்தால் குறிப்பிட்ட ஒருவருக்கு அழைப்பு போகும்படி செய்துவைக்கலாம். 2 என்றால் மகள், 3 என்றால் மகன், 4 என்றால் டாக்டர். இதைச் செய்து, ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பெயர்ப்பட்டியலைத் தேட வேண்டியதில்லை. அலாரமும் சிலாக்கியமானது. போனை அணைத்து வைத்திருந்தாலும் குறித்த நேரத்தில் அடிக்கிறது. மாத்திரை வேளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பேட்டரியில் எச்சரிக்கை தேவை. இந்தப் போனில் இருப்பது பி.எல். 5சி என்ற ரகம், பல மாடல்களுக்குப் பொதுவானது. 2007 ஆகஸ்டில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பைச் சேர்ந்த 4 கோடியே 60 லட்சம் பி.எல். 5சி பேட்டரிகள் சூடாகக்கூடும் என்று நோக்கியா அறிவித்து மாற்றித் தர முன்வந்ததும், நாம் ஒவ்வொருவரும் போனின் முதுகைக் கழற்றி எண்ணைப் பார்த்ததும் சிலருக்கு நினைவிருக்கும். இழுப்பறையில் வருஷக்கணக்காகக் கிடந்த பேட்டரியை நம்பக் கூடாது. மேஜையில் வைத்துச் சுண்டிச் சுற்றிவிடுங்கள். பம்பரம்போல் சுற்றினால் நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். என்னிடம் இருந்தது நன்றாகவே சுற்றியது. அதை உடனே விலக்கிவிட்டு, நல்ல கடையில் ரசீதோடு புதிது வாங்கினேன். ஞாயிறு இரவு சார்ஜ் செய்தது வியாழன் மத்தியானம் வரை நின்றது. பெரிய போனைத் தினம் இரண்டு வேளை செருகி வைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவும். சார்ஜர் மெல்லிய ஊசி முனை உள்ளது. இப்போது அக்கம்பக்கத்தில் இரவல் கிடைக்காது. இரண்டாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. டார்ச் விளக்கு இல்லை. 2003இல் வந்த நோக்கியா 1100இல்கூட இருந்த வசதி இது. இரவில் கொல்லைப்புறம் போகிறவர்களுக்குக் கேமராவைவிட டார்ச் முக்கியம். ரேடியோ கேட்க இயர்போன் கம்பியைச் செருகியாக வேண்டும். அந்தக் கம்பிதான் ஏரியல். தமிழில் குறுஞ்செய்தி வந்தால் அந்தக் காலத்துப் போன்களில் பல வெறும் கட்டங்களைக் காட்டும். கொடுக்கும் முன்பு தமிழில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் பார்த்துப் பேச முடியாது, வாட்ஸப் வராது.

முகம் பார்க்க முடியாததில் ஒரு லாபமும் இருக்கிறது. போலீஸ் உடுப்பில் வீடியோவில் தோன்றி, "உங்களைக் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக் கூடாது" என்று மிரட்டிப் பணம் பறித்த கும்பல்களைப் பற்றி 2024 முழுவதும் பத்திரிகைகளில் படித்தோம். அவர்களுக்கு இந்தப் போனில் முகம் காட்ட வழியில்லை. சாதாரண அழைப்பில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். அதற்கு எந்தப் போனும் காவல் அல்ல, எடுத்துச் சொல்லி வைப்பதுதான் காவல்.

மார்க்: பேச்சுக்கு 70, பொத்தானுக்கு 100, புதுப் பேட்டரிக்கு 90, டார்ச்சுக்கு முட்டை.

உள்ளே இருப்பது

ஒரு பழைய போனைக் கொடுப்பதற்கோ கழிப்பதற்கோ முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சார்ஜ் ஏறிய முதல் நாள் படத்தொகுப்பைத் திறந்தேன். நூற்றுக்கும் மேல் படங்கள். பாதி, குழந்தைகள் விளையாட்டாக எடுத்த மின்விசிறியும் செருப்பும். நடுவே, 2011 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது எடுத்த ஒரு படம். அத்தையின் கணவர், என் மாமா, திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பத்திரிகை, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்க, எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். மாமா 2012இல் காலமானார். அந்த வீட்டுக் கூடத்தில் மாலையோடு இருக்கிற படம் ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் அவர் விறைப்பாக நிற்பார். அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படி அவரைப் பார்த்ததில்லை. சிரிக்கும் மாமா 2 மெகாபிக்சல்தான். பகல் வெளிச்சம், ஆறடித் தூரம். இந்தக் கேமராவுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அன்று அமைந்திருக்கிறது. 6க்கு 4 அளவில் அச்சிட்டேன். கன்னத்துக் குழிகூடத் தெரிகிறது.

பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும் கவுண்டரில் இதற்குச் சில நூறு ரூபாய் கழித்திருப்பார்கள். படமும் அதோடு போயிருக்கும். நம் குடும்பங்களில் 2005க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலம் ஒரு விசித்திரமான காலம். ஃபிலிம் கேமராவை மூட்டை கட்டிவிட்டோம். படங்கள் தாமாகவே எங்கோ மேகத்தில் போய்ச் சேரும் வழக்கம் இன்னும் வரவில்லை. அந்தப் பத்து வருஷப் படங்கள் ஆல்பத்திலும் இல்லை, இணையத்திலும் இல்லை. இழுப்பறைகளில் இருக்கின்றன.

எடுப்பது கடினமல்ல. முதலில் மெமரி கார்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார்டு ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம். கார்டில் இல்லாமல் போனிலேயே தங்கியிருக்கும் படங்களும் உண்டு. அவற்றை ப்ளூடூத் மூலம் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பலாம். ஐபோன் இதை வாங்கிக்கொள்ளாது. பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது தேதி மாறிவிடுவதால் படத்தின் தேதியை அப்படியே நம்ப வேண்டாம்; உடுத்தியிருக்கும் புடவையையும் குழந்தையின் உயரத்தையும் வைத்துப் பெண்கள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இத்தனையும் முடிந்த பிறகு போனைத் துடைத்துக் காலி செய்யுங்கள். முற்றிலும் செத்துப்போன போனையும் உப்பிய பேட்டரியையும் கபாடியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள்.

யாருக்கு, எதற்கு?

மார்க்குகளைக் கூட்டிச் சராசரி போடச் சொன்னான் தம்பி மகன். நான் போடவில்லை. பரீட்சை எழுதுவது போன் என்றாலும், பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அதை வைத்துக்கொள்ளப் போகிறவர். பேரப்பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிற தாத்தாவுக்கு இந்தப் போன் தோல்வி. அவருக்குப் பெரிய திரையுள்ள நல்ல போனை வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். குரல் போதும், தொல்லை வேண்டாம் என்கிற பாட்டிக்கு இது முதல் வகுப்பு. நம் ஆசைக்காக அவர் கையில் தொடுதிரையைத் திணிப்பதும், நம் சிக்கனத்துக்காக இவர் கையில் செத்த பேட்டரியைத் திணிப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் அவர்களைக் கேட்கவில்லை.

சோதித்ததில் தேறவில்லை என்றால் தயங்காமல் புதிய பொத்தான் போன் வாங்கிக் கொடுங்கள். 4ஜியில் வேலை செய்வதும் டார்ச் உள்ளதும் இப்போது கிடைக்கின்றன. குடும்பத்தோடு ஒரு நாள் ஓட்டலில் சாப்பிடுகிற செலவுதான் ஆகும். பழையதைக் கடையில் வாங்குபவர்கள் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கலாம். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். ரீசார்ஜ் விஷயத்திலும் ஒரு நல்ல செய்தி. இன்டர்நெட்டே பயன்படுத்தாத பெரியவர்களும் அதற்குச் சேர்த்துக் காசு கட்டி வந்தார்கள். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் கட்டாயம் இருக்க வேண்டும், அவை 365 நாள் வரை செல்லலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. நீண்ட காலத் திட்டமாகப் பார்த்து இங்கிருந்தே போட்டுவிட்டால், "பணம் தீர்ந்துபோச்சு, அதான் பேசலை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

நம் சங்கத்துக்கும் ஒரு யோசனை சொல்லத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகம் திறந்திருக்கும் இரண்டு மணி நேரம், கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் ஒரு கம்ப்யூட்டரோடும் கார்டு ரீடரோடும் இரண்டு மூன்று ரகச் சார்ஜர்களோடும் உட்காரட்டும். உறுப்பினர்கள் இழுப்பறையில் கிடக்கும் போன்களைக் கொண்டுவரட்டும். படங்களை மீட்டுக் கொடுக்கலாம். உயிருள்ள போன்களைச் சோதித்து, எது யாருக்கு உதவும் என்று சொல்லலாம். இளைஞர்களைச் சங்கத்துக்கு வரவழைக்க என்ன செய்வது என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கேட்கிறோமே, அவர்களுக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்துப் பார்ப்போம். என் தம்பி மகன் முதல் ஞாயிறுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அடுத்த முறை ஊருக்குப் பெட்டி கட்டும்போது, "இது அம்மாவுக்குப் போதும்" என்று சொல்வதற்கு முன் அந்தப் போனில் ஒரு வாரம் நீங்கள் பேசிப் பாருங்கள். உங்களுக்கே போதுமானதாக இருந்தால், அம்மாவுக்கும் போதுமா என்று அம்மாவிடமே கேளுங்கள்.